இருமல் இசைக்குழு

அந்த வெள்ளைக்காரனுடைய அசல் இசைக்குழுவின் பாட்டு ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. இங்கிலாந்தில் அதற்குக் கொஞ்சம் ரசிகர்கள் இருந்தார்களாம். அவனுக்கு அது அலுத்துவிட்டது. பர்மாவில் எங்கள் யாங்கோனுக்கு அவன் வந்தது தன் குட்டிக் குழுக்களுக்காக. குட்டிக் குழு என்றால் ஒரு பெயர், ஒரு அட்டைப்படம், ஒரு சிடி. ஆள் அவன் ஒருவனே.

நான் அப்போது ஊரின் தின்கன்ஜூன் பகுதியில் குடியிருந்தேன். கப்பல் ஏஜென்சி ஒன்றில் எழுத்தர் வேலை, ஞாயிறானால் சபையில் கீபோர்டு. அவன் தங்கியிருந்த விடுதியின் மேலாளர், ஆங்கிலம் பேசுகிற சங்கீதக்காரன் என்று என்னை அறிமுகம் செய்துவைத்தார். விடுமுறை நாட்களில் மொழிபெயர்ப்பாளனாக அவனோடு அலைந்தேன். அந்த வருடங்களில் வெளிநாட்டிலிருந்து ஒரு கலைஞன் எங்களைத் தேடி வருவது பெரிய விஷயம். பெருமையாகத்தான் இருந்தது.

மிங்கலா தாங்ஞுன்ட் சந்தையில் அந்தப் பெருமை போயிற்று. வெற்றிலைக் கடைக்காரர் முன்னால் ஒரு தகர வாளியை வைத்து, மைக்கை அதன் வாயில் தொங்கவிட்டான்.

"இன்னொரு முறை துப்பச் சொல். இன்னும் கெட்டியாக வேண்டும்."

நான் பர்மியத்தில் சொன்னேன். கடைக்காரர் அவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். பிறகு துப்பினார். அவன் கண்ணை மூடித் தலையாட்டினான். சிவந்த எச்சில் தெறித்த மைக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அதே சட்டையில் மறுநாளும் வந்தான்.

ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில் ஒரு வீட்டின் ஙாப்பிப் பானைக்குள் மைக்கை இறக்கினான். மீனும் உப்பும் புளித்து நுரைக்கிற சத்தம் வேண்டுமாம். அது இன்னொரு குட்டிக் குழு. மூடியைத் திறந்ததும் ஈக்கள் முகத்தில் மொய்த்தன. அந்த வீட்டம்மா, பானை கெட்டுவிடுமே என்று கவலைப்பட்டாள். அதை நான் ஆங்கிலத்தில் சொன்னபோது அவன் ஹெட்போனைக் கழற்றவே இல்லை.

அவனை வீட்டுக்கு அழைத்துப் போனது அப்பா கேட்டதால். மிஷன் பள்ளியில் படித்தவர், பல வருடம் சபைப் பாடகர் குழுவில் கனத்த குரலுக்கு அவர்தான். நுரையீரல் கெட்டு வீட்டோடு இருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, வெந்நீரில் வாய் கொப்பளித்துவிட்டு, அவன் மைக் முன்னால் உட்கார்ந்து ஒரு ஞானப்பாட்டை நான்கு சரணமும் பாடினார். பாடும்போதே அவன் கிட்டே போய்ப் படமும் எடுத்தான். இடையிடையே இருமல் வந்தது. ஒவ்வொரு முறையும் அவனிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார். "இருமலை மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள், சார்," என்றார். அவன் தலையாட்டினான். எங்கள் அம்மா நூடுல்ஸில் மீன்குழம்பு ஊற்றி மொஹிங்கா கொடுத்தாள். உள்ளே வந்து என்னிடம், "கையக் கழுவாமயே திங்கிறானேடா," என்றாள்.

சில வாரம் கழித்து, தயாராகிவிட்டது என்று அவனே வந்தான். சின்ன ஒலிபெருக்கியை மேஜையில் வைத்தான். அப்பா தாளம் போடத் தொடையில் கையை வைத்துக்கொண்டார்.

இருமல். மறுபடி அதே இருமல். வேகமாக ஒன்று, இழுத்து ஒன்று, பிறகு காறும் சத்தம். அதன் மேல் பொம்மைப் பியானோ மாதிரி ஏதோ வாசித்திருந்தான். அப்பா பொறுமையாகக் கேட்டார். பிறகு என் பக்கம் குனிந்து, தமிழில், "பாட்டு எப்பய்யா வரும்?" என்றார்.

நான் அவனிடம் கேட்டேன்.

"பாட்டு எல்லாரிடமும் இருக்கிறது. இந்த இருமல் வேறு யாரிடமும் கிடைக்காது," என்றான். பாராட்டாகத்தான் சொன்னான்.

"பாட்டு இருக்கிற மினிடிஸ்க்கையாவது கொடு."

"அதன் மேலேயே உங்கள் தெருச் சாக்கடையைப் பதிந்துவிட்டேன். அருமையாக வந்திருக்கிறது."

அவன் பையைத் தூக்கி வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவன் சிரித்தான், விளையாட்டு என்று நினைத்திருப்பான். அப்பாவுக்குத்தான் சங்கடம். "வீட்டுக்கு வந்தவன்யா. டீ குடிச்சிட்டுப் போவட்டும்," என்றார். அவன் உட்கார்ந்து நிதானமாக உறிஞ்சிக் குடித்தான். பஸ் நிறுத்தம் வரை நான் கூடப் போகவில்லை.

அதற்குப் பிறகு அப்பா இருமல் வந்தால் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார், நாங்கள் மட்டும் இருக்கும்போதுகூட. நான் காலி கேசட் வாங்கி வந்து பாடச் சொன்னேன். "வேணாம்யா. அதுலயும் இதுதான் வரும்," என்றார். அடுத்த மழைக்காலத்தில் போய்விட்டார்.

அந்த வருடக் கடைசியில் விடுதி மேலாளர் மூலமாக ஒரு சிடி வந்து சேர்ந்தது. அட்டையில் திறந்த வாய், மிக அருகில் எடுத்தது: காவிப்பல், நாக்கு, உதட்டோரம் எச்சில் நூல். அப்பா பாடிக்கொண்டிருந்தபோது எடுத்தது.

அம்மா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "யாரு வாய இப்புடிப் படம் புடிச்சிருக்கான்? அசிங்கமா இருக்கு. தூக்கிப் போடுடா," என்றாள்.

யாருடையது என்று நான் சொல்லவில்லை. வெளியே எடுத்துப்போய்க் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன்.