சந்தனம் வைத்த லென்ஸ்

அறிவுச்செல்வன் என்ன வேலை பார்க்கிறான் என்று திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஒருவருக்கும் தெரியாது. கண்ணாடி சம்பந்தப்பட்ட வேலை என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டான். அதிலிருந்து வீட்டுக்கார அம்மா ஜோதியம்மாள், மூக்குக்கண்ணாடியின் கால் உடைந்தால் அவனிடம்தான் வருவார். அவனும் ஒட்டிக் கொடுப்பான். வேறு யார் அவனைத் தேடி வந்தார்கள்?

காரின் முன்பக்கத்திலிருந்து லேசர் கிளம்பிப் போய், முன்னால் போகும் வண்டியில் பட்டுத் திரும்பும். திரும்பி வருகிற துளி வெளிச்சத்தைப் பிடித்துவிட்டால் அந்த வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கார் தானே தெரிந்துகொள்ளும். அப்படிப் பிடிக்கிற லென்ஸைக் கம்ப்யூட்டரில் வடிவமைப்பதுதான் அவன் வேலை. பெங்களூரில் கற்றது. அப்பா இறந்ததும் 1998இல் ஊர் திரும்பினான். சொந்த ஊரான கீழ்பென்னாத்தூரில் கரண்டும் போனும் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அதனால் திருவண்ணாமலையில் ரூம் எடுத்து, ஜெர்மனியில் ஒரு கம்பெனிக்கு இமெயிலிலேயே வேலை செய்தான். லென்ஸின் வளைவை மயிரிழை மாற்றினால் ஓரம் மங்கும். ஓரத்தைத் திருத்தினால் நடு கெடும். இரண்டும் சரியாக வந்த நாளில், அதைச் சொல்ல ஆள் இல்லாமல், கூடுதலாக ஒரு டீ குடித்துவிட்டு வருவான். அதுதான் அவன் கொண்டாட்டம், பாவம்.

2003இல் ஒரு லென்ஸின் வடிவம் தேறியது. வெயிலைத் தள்ளிவிட்டு லேசரை மட்டும் உள்ளே விடும் பூச்சோடு, பெங்களூரில் ஒன்றே ஒன்று செய்து அனுப்பினார்கள். அவன் சரிபார்த்து, மாதக் கடைசிக்குள் ஜெர்மனிக்குச் சேர்ப்பிக்க வேண்டும். சோதனையில் ஜெயித்தால் அங்கேயே வேலை. சம்பளம்கூட அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பக்கத்து மேசையில் லென்ஸைப் பற்றிப் பேச ஒருவன் இருப்பான் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தான்.

ஆயுத பூஜையன்று காலை, அவன் பிரௌசிங் சென்டருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அம்மா ராணியம்மாள் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தாள். ஜோதியம்மாள் ரூமைத் திறந்துவிட்டார். மகனுடைய ஆயுதம் எது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தாள். பிறகு மேசை மேலிருந்த சின்ன டப்பாவைத் திறந்தாள். இவ்வளவு பத்திரமாக வைத்திருப்பதுதான் முக்கியமான சாமானாக இருக்கும் என்று முடிவு கட்டி, முந்தானையால் அழுத்தித் துடைத்து, கல்லில் இழைத்த சந்தனத்தைத் தடவி, நடுவில் குங்குமம் வைத்தாள்.

திரும்பி வந்து பார்த்தவனுக்கு உயிரே போய்விட்டது. சந்தனத்தை ஈரப்பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தான். பூச்சு முழுக்கக் கீறல். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

"இத ஏம்மா தொட்ட?"

"இதுதான் உன் ஆயுதம்னு நெனச்சேன்டா. கும்புட்டா உனுக்கு நல்லதுதான?"

இத்தனை வருஷத்தில் அவன் வேலையை வேலை என்று மதித்துக் கும்பிட்டவள் அவள் ஒருத்திதான். திட்ட வாய் வரவில்லை.

"இது கெட்டுப்போச்சும்மா. புதுசா செய்ய ரெண்டு மாசம் ஆவும். அதுக்குள்ள வேற யாரோடதயாவது எடுத்துக்குவாங்க. இது தேறியிருந்தா என்னை ஜெர்மனிக்கே கூப்பிட்டிருப்பாங்க."

ராணியம்மாள் அழுதாள். "படிக்காத முண்டம், தெரியாம பண்ணிட்டேன்டா," என்று தலையில் அடித்துக்கொண்டாள். கொஞ்சநேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ நீ போவ மாட்டல்ல?"

அந்தக் குரலில் இருந்த நிம்மதியை அவளால் மறைக்க முடியவில்லை. அப்பா போன பிறகு ஊரில் அந்த வீட்டில் அவள் யாரோடு பேசுகிறாள் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

"போவலம்மா," என்றான்.

அவள் முகம் தெளிந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.