எனக்குத் தெரியாத சிவப்பு

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு நாளில், சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது இது. மனைவிக்குத் தாய்வீடு பக்கத்திலிருக்கும் ஸ்ரீமுஷ்ணம் என்பதால் பிரசவத்தைச் சிதம்பரத்தில் வைத்துக்கொண்டோம். நான் வேலை பார்க்கும் குடிகாட்டிலிருந்து லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். அன்று காலைதான் பெண் குழந்தை பிறந்தது.

அந்த மருத்துவமனையில் லிஃப்ட் பக்கத்தில் ஒரு பலகை உண்டு. கரும்பச்சை உடை என்றால் நர்ஸ், கருஞ்சிவப்பு என்றால் துப்புரவுப் பணியாளர் என்று படம் போட்டிருக்கும். எனக்கு இரண்டும் ஒன்றுதான். சிவப்பும் பச்சையும் எனக்குப் பிரிந்து தெரியாது. சின்ன வயதிலேயே தெரிந்துகொண்டேன். வேலை கிடைக்காது, பெண் தரமாட்டார்கள் என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடமும்தான். புடவைக் கடையில் அவள் கேட்டால், எது கட்டினாலும் நல்லாயிருக்கும் என்று சமாளித்துவிடுவேன்.

மதியம் துணைக்கு இருந்த மாமியார் கஞ்சி வாங்கப் போயிருந்தார். ஜன்னலில் மழைத்தண்ணீர் வழிந்தபடி இருந்தது. கதவு திறந்திருந்தது, வராந்தாவில் ஒரே நிற உடையில் ஆட்கள் தண்ணீருக்குள் நடப்பதுபோல் மெல்லப் போனார்கள். தொட்டிலில் குழந்தையின் மூச்சு. தூக்கமா விழிப்பா என்று தெரியாத ஒரு மயக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"கண்ணு சொருகுதுங்க. கொஞ்சம் தூங்குறேன்" என்றாள் கட்டிலில் படுத்திருந்த மனைவி.

பச்சை என்று பின்னால் தெரிந்துகொண்ட விரிப்பின் ஓரத்தில் கருப்பாக ஈரம் தெரிந்தது. பிளாஸ்கில் இருந்த வெந்நீர் சிந்தியிருக்கும் என்று நினைத்தேன். போர்வையை இழுத்துவிட்டேன். நிம்மதியாகத் தூங்கட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த ஈரம் மெல்லப் பெரிதானது. துடைக்கலாம் என்று கை வைத்தபோதுதான் பிசுபிசுத்தது.

வராந்தாவுக்கு ஓடி, முதலில் கண்ணில் பட்ட பெண்ணின் கையைப் பிடித்து, "சிஸ்டர், வாங்க" என்றேன்.

அவர் தன் சட்டையைக் காட்டி, தான் கூட்டிப் பெருக்குகிற ஆள் என்றார். ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்தார். விரிப்பைக் கண்டதும் கட்டில் தலைமாட்டிலிருந்த பெல்லை அழுத்தினார்.

"ரத்தம் சார் இது. இம்மா நேரம் பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

நர்ஸ்களும் டாக்டரும் ஓடிவந்தார்கள். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். வெகுநேரம் கழித்து, இனி பயமில்லை என்று சொன்ன டாக்டர், எப்போதிலிருந்து போகிறது என்று கேட்டார். இப்போதுதான் பார்த்தேன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, "எனக்குச் செவப்பு தெரியாது டாக்டர்" என்றேன். அவர் திட்டவில்லை. தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் மனைவியிடமும் சொன்னேன்.

"அப்ப நம்ம கல்யாணப் பொடவை என்ன கலர்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"அரக்கு" என்றாள், என் விரலைப் பிடித்துக்கொண்டு.

இப்போதெல்லாம் காய்கறிக் கடையில்கூடத் தக்காளி பழுத்திருக்கிறதா என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுவிடுகிறேன். 'எனக்குத் தெரியாது' என்று சொல்லக் கூச்சப்பட்டதற்கு விலையாக நான் எதைக் கொடுத்திருப்பேன் என்பதை நினைத்தால் இன்றும் உள்ளங்கை சில்லிட்டுப்போகிறது.