பின்வாசல் வழியாகப் போன அப்பா

"எங்கப்பாவுக்கு நெலமும் குதிரையும் இருந்துச்சுங்க ஐயா," என்றார் எக்ஸிடர் நகரத்துக் கம்பளி வியாபாரி கில்பர்ட் யோ. கனவான் குடும்பங்களுக்குக் குலச்சின்னம் வழங்க லண்டனிலிருந்து வந்த அதிகாரி கேட்டதோ, புதிதாகப் பிறந்த பேரனின் பெயரை.

மகள் தாமசின் குழந்தையோடு வந்தாள். "ஹாம்லின், ஐயா. எங்க தாத்தா பேரு, அப்பாவைப் பெத்தவரு. தோல் பதப்படுத்துவாரு. அவரு தெருமுனையில வரும்போதே ஊரே மூக்கப் பொத்திக்கும்!"

அதிகாரியின் இறகுப் பேனா நின்றது. பொய்யான வம்சம் சொன்னவன் பெயரைச் சந்தையில் கூவி அறிவிப்பார்கள்.

"எதை எழுதட்டும் கில்பர்ட்?"

கில்பர்ட்டுக்கு முகம் எரிந்தது. விருந்தாளி வரும்போதெல்லாம் அப்பாவைப் பின்வாசல் வழியாக அனுப்பியவர் அவர். உண்மையைச் சொன்னால் சின்னம் கிடைக்காது. பேரனை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

பிறகு அதிகாரியிடம் சொன்னார்: "தோல் பதப்படுத்துறவர்னே எழுதுங்க ஐயா. நாளைக்கு இவன் என்னையும் பின்வாசல்ல அனுப்பிடக் கூடாது."