நட்டில் இருந்த கோடு

அப்பா இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. பூங்காவில் அவர் செய்து வைத்த இரும்புச் சிலை கல்லுளிமங்கன்போல நின்றது. மகள் கைப்பிடியைச் சுற்றினாள். பதினான்கு தகடுகளிலும் சுத்தியல்கள் விழுந்தன. டொக், டொக். அவ்வளவுதான்.

பம்பு பழுதுபார்ப்பவராக இருந்த அப்பா, கழித்துப்போட்ட குழாய்களையும் தகடுகளையும் கொண்டு பாடும் சிலைகள் செய்தார். அட்டை கிழிந்த பழைய அகராதியில், ஆங்கிலேயரே மறந்துவிட்ட சொற்களைத் தேடிப் பிடித்து அவற்றுக்குப் பெயர் வைப்பார். இது ‘ஃபிளிபர்ட்டிஜிபெட்’. ஓயாத வாயாடி என்று பொருள். ஐந்து வயதில் மகளுக்கு வைத்த செல்லப் பெயரும் அதுதான். அவளோ வளர்ந்து, இயந்திரங்களின் அதிர்வை அடக்கும் பொறியாளர் ஆனாள்.

“நான் பேச வைக்கிறேன், நீ வாயைக் கட்டுறே” என்பார் அப்பா.

மகள் பூங்காக் கண்காணிப்பாளரின் அறைக்குள் புயலாக நுழைந்தாள்.

“யாரு சார் சிலையில கை வச்சது?”

“கோபப்படாதீங்கம்மா. ஆடுதுன்னு புகார் வந்துச்சு. போன மாசம் எல்லாத்தையும் இறுக்கிட்டோம்.”

“ஆடினாத்தான்யா அது பாடும்! பெரிய காக்கலோரம்!”

“அப்படின்னா?”

“தன்னைப் பெரிய ஆளுன்னு நினைச்சுக்கிற குட்டி ஆளு. எங்கப்பா அகராதியில இருக்கு.”

“அப்ப இதை எழுதினவங்களுக்கும் அந்தப் பேரு பொருந்தும்” என்று கோப்பிலிருந்து ஒரு தாளை நீட்டினார் அவர்.

‘எல்லா நட்டுகளையும் முழுமையாக இறுக்கவும்.’ கீழே அவள் கையெழுத்து. சிலை ஆடுகிறது என்று பூங்காவிலிருந்து அப்பாவுக்கு வந்த கடிதத்துக்கு நான்கே நிமிடத்தில் அவள் எழுதி, மறந்தும் போன பதில். அடுத்த அறைப் படுக்கையில் அப்பா விழித்துத்தான் கிடந்தார். அவரிடம் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஸ்பேனருடன் சிலைக்குத் திரும்பினாள். தகட்டுக்கு ஒரு நட்டு. ஒவ்வொரு நட்டிலும் அரத்தால் இழுத்த ஒரு கோடு, பக்கத்துத் தகட்டில் இன்னொரு கோடு. இறுக்கிய நிலையில் இரண்டும் சேரவில்லை. முன்பு ஒரு முறை, நட்டுகள் தளர்வாக இருந்ததைப் பார்த்து, “அரைகுறை வேலைப்பா” என்று அவரிடமே சிரித்திருக்கிறாள். அவரும் கூடச் சிரித்தார்.

முதல் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினாள். கோடும் கோடும் சேர்ந்தன.

“வாயத் தொறந்து சொல்லியிருக்கக் கூடாதாப்பா?” என்று இரும்பைப் பார்த்துக் கத்தினாள்.

பின்னாலேயே வந்த கண்காணிப்பாளர் கைப்பிடியை மெல்லச் சுற்றினார். ஒரு தகடு மட்டும் கணீரென்றது. மற்றவை டொக், டொக்.

“நிறுத்துங்க! இன்னும் பதிமூணு இருக்கு.”

மூக்கைத் துடைத்துக்கொண்டு ஸ்பேனரை அடுத்த நட்டில் மாட்டினாள்.