புனலில் கேட்ட ஐந்து இதயங்கள்

ஆறாம் வகுப்பில் அறிவியல் கண்காட்சிக்கு நான் எடுத்துக்கொண்டது மனித இதயம். தேவையான பொருட்கள்: எண்ணெய் ஊற்றும் புனல் ஒன்று, அதன் வாயில் இழுத்துக் கட்ட ஒரு பலூன், ஒரு முழம் ரப்பர் குழாய். புனலை ஒருவர் நெஞ்சில் வைத்து, குழாயின் மறுமுனையைக் காதில் வைத்தால் இதயம் கேட்கும். தறி ஓடாமல் இருந்தால்.

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டின் பின்கட்டில் அப்பாவின் விசைத்தறிகள் நான்கு ஓடின. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. இதயம் எங்கே கேட்க? ஆகவே மின்வெட்டுக்காக ஊரிலேயே ஆசையாகக் காத்திருந்த ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மின்சாரம் போனதும் அப்பா தலையில் கைவைத்து உட்காருவார். நான் புனலோடு அவர் நெஞ்சுக்கு ஓடுவேன்.

இதயத்தில் நான்கு அறைகள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். வலப்பக்கத்து அறைகள், உடம்பைச் சுற்றிவந்த இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்பும். இடப்பக்கத்து அறைகள், அங்கே ஆக்சிஜன் ஏற்றி வந்த இரத்தத்தை மறுபடி உடம்புக்குத் தள்ளும். போன இரத்தம் திரும்பி வராமல் இருக்க வால்வு என்ற கதவுகள். நாம் கேட்கும் லப்-டப், அந்தக் கதவுகள் மூடும் சத்தம்தான்.

நோட்டில் வரிசையாக எழுதினேன். ஒன்று, அப்பா: லப்-டப். இரண்டு, அம்மா: லப்-டப். மூன்று, தம்பி: லப்-டப், ஆனால் சிரித்துக்கொண்டே இருந்தான். நான்கு, நான்: லப்-டப். ஐந்து, சித்தி: லப்-ஸ்ஸ்-டப்.

சித்தி அம்மாவின் தங்கை. பி.காம். முடித்துவிட்டு எங்களோடு இருந்தாள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்னைத் துணைக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டுக்கொள்வாள். சத்து ஊசி என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

அந்த 'ஸ்ஸ்' என்னைத் தொந்தரவு செய்தது. பலூனை மாற்றினேன். குழாயை வெட்டிப் புதிதாகச் செருகினேன். மற்ற நால்வரையும் மறுபடி சோதித்தேன். சித்தியிடம் மட்டும் அது போகவில்லை. அம்மாவிடம் நோட்டைக் காட்டினேன்.

"ஏட்டி, உன் புனல்ல ஓட்டை. கண்டதையும் எழுதி வைக்காத."

சொன்னதோடு நிற்காமல் பேனாவை வாங்கி ஐந்தாம் வரியை அடித்தாள். தாள் கிழியும்வரை அடித்தாள். புனலை அவள் பார்க்கக்கூட இல்லை. அம்மா சொன்னதால் நம்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தியைப் பெண் பார்க்கப் புளியங்குடியிலிருந்து எலுமிச்சை வியாபாரிக் குடும்பம் ஒன்று வருவதாக இருந்தது. அன்று காலையில் சித்தி என் நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்ன மக்கா, கோழி கிண்டுன மாதிரி எழுதியிருக்கே? நல்ல தாள்ல எழுதித் தாரேன். அவங்க முன்னால வாசிச்சுக் காட்டு. ஒரு வரி விடக் கூடாது, என்ன?"

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

விருந்தாளிகளுக்காக அப்பா தறிகளை நிறுத்தியிருந்தார். சித்தி காபி கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தாள். நான் புனலும் தாளுமாக நடுவில் போய் நின்றேன்.

"பாப்பா என்ன வச்சிருக்கா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"இதயம்."

எல்லோரும் சிரித்தார்கள். "வாசி, கேப்போம்," என்றார் மாப்பிள்ளை. அறைகளையும் கதவுகளையும் விளக்கிவிட்டு வாசித்தேன். ஐந்தாம் வரி வந்தது. அடித்த வரியைச் சித்தி கவனிக்காமல் எழுதிவிட்டாள் போல என்று நினைத்தேன். ஆனால் ஒரு வரி விடக் கூடாதே. வாசித்தேன்.

"அது என்ன ஸ்ஸ்?" என்றார் அந்த அம்மா.

"புனல்ல ஓட்டை," என்றேன்.

"புனல்ல ஓட்டை இல்ல," என்றாள் சித்தி. "என் வால்வுல கசிவு. சின்ன வயசுல மூட்டு வலியோட காய்ச்சல் வந்துச்சு, அதுல உண்டானது. கதவு சரியா மூடாது, கொஞ்சம் ரத்தம் திரும்பிப் போகும். ஊசி போடுதேன். கல்யாணம் பண்ணலாம்னுதான் டாக்டர் சொல்லியிருக்காரு."

தம்ளர்களைக் கீழே வைத்தார்கள். சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். சொல்லி அனுப்பவில்லை.

"எல்லாம் உன்னாலதாம்ட்டி," என்று அம்மா என் தொடையில் கிள்ளினாள். பிறகு தங்கையைப் பார்த்து அவளே அழுதாள். நானும் அழுதேன். சித்தி மட்டும் மிச்சமிருந்த கேசரியை எனக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்று தின்றாள். "நல்லா வாசிச்சே," என்று என் தலையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். புனல் இல்லாமலே கேட்டது.

இன்று நான் ஒரு மருத்துவமனையில் எக்கோ எடுக்கும் வேலையில் இருக்கிறேன். ஆண்டுக்கொருமுறை சித்தியைப் படுக்கவைத்து அந்தக் கசிவைத் திரையில் அளக்கிறேன். வெளியே அவள் செருப்புக்குக் காவலாகச் சித்தப்பா உட்கார்ந்திருப்பார். அவரிடம் முதல் நாளே அவளே சொல்லிவிட்டாளாம்.

அந்தப் பழைய நோட்டு என்னிடம் இருக்கிறது. ஐந்தாம் வரி இருந்த இடத்தில் கறுப்பு மையும் ஒரு கிழிசலும்தான். யாராலும் அதைப் படிக்க முடியாது. சித்தி எதைப் பார்த்து எழுதினாள் என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.