பிஸ்கெட் டின்னில் பஸ் டிக்கெட்டுகள்

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கெட் டின் இருக்கிறது. அதற்குள் பணமோ நகையோ கிடையாது. எல்லாம் பஸ் டிக்கெட்டுகள். மஞ்சள், பச்சை, வெள்ளை, ஓட்டை போட்டது, வியர்வையில் எழுத்தழிந்தது என்று இருநூறாவது இருக்கும். என் வீட்டுக்காரர் செங்கல்வராயன் அவற்றை வைத்துத்தான் பதினோரு வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார்.

நகரிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர் ஹைஸ்கூலில் தமிழ்ப் பிரிவு ஒன்று இருந்தது. அவர் அதற்கு இங்கிலீஷ் வாத்தியார். எங்கள் அடுப்படி ஜன்னலும் அவருடைய வகுப்பு ஜன்னலும் எதிரெதிரே. நடுவில் ஒரு வேப்பமரமும் இடுப்புயரச் சுவரும்தான். நான் ஐந்தாவதோடு நின்றவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க வராது. ஆனால் அந்த ஜன்னல் வழியாகக் கரும்பலகையின் பாதி தெரியும். அந்தப் பாதியைப் படித்தே எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வந்தது.

பாடப்புத்தகத்தில் யாரோ ஒருவர் கப்பலேறிப் பனி பெய்யும் ஊருக்குப் போய் வருவார். கப்பலையும் பனியையும் விளக்குவதற்குள் மணி அடித்துவிடும். ஒருநாள் அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "நீ எந்த ஊருக்குடா போயிருக்கே?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் அவருடைய பாடம் ஆரம்பித்தது.

ஊருக்குப் போய்வந்த பிள்ளை டிக்கெட்டைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். முதல் கேள்வி: "ஹேவ் யூ எவர் பீன் டு காளஹஸ்தி?" பிள்ளை, "எஸ் சார், ஐ ஹேவ் பீன் டு காளஹஸ்தி" என்று சொல்ல வேண்டும். அடுத்தது: "வென் டிட் யூ கோ?" "ஐ வெண்ட் லாஸ்ட் மண்டே சார்." இப்படிக் கேள்வி மேல் கேள்வியாகப் போகும். எதில் போனாய், யாரோடு போனாய், என்ன தின்றாய். சரியாகச் சொன்னால் டிக்கெட்டைச் சுவரில் இருக்கும் பெரிய கறுப்பு அட்டையில் ஒட்டிப் பக்கத்தில் பிள்ளையின் பெயரை எழுதுவார். வருஷக் கடைசியில் அட்டையிலிருந்து பிரித்து டின்னில் போட்டுவைப்பார். பஸ்ஸுக்கு வழியில்லாமல் புத்தூர்ச் சந்தைக்கு நடந்தே போய்வந்த பிள்ளைக்கு, இவரே ஒரு காகிதத்தைக் கத்தரித்து 'பை ஃபுட்' என்று எழுதி ஒட்டுவார். பஸ்ஸில் போனவர்கள் அந்தக் காகிதத்தைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள்.

ஒரு சட்டம் மட்டும் வைத்திருந்தார். "போகாத ஊருக்குப் போனேன்னு சொன்னா என் கிளாஸ்ல உக்காரக்கூடாது. தப்பா சொல்லு, திருத்தறேன். பொய் சொல்லாத."

காலையில் நான் அரிசி களையும்போது அன்றைய பாடத்தை என்னிடம் ஒத்திகை பார்ப்பார்.

"ஹேவ் யூ ஈட்டன்?"

"உங்களுக்குப் போட்டுட்டுதானே நான் துன்னணும்."

"இங்கிலீஷ்ல சொல்லும்மே."

"நோ சார்."

அப்போது சிரிப்பார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் கை வேலை ஓடாது.

ஆந்திரா தனியாகப் பிரிந்ததிலிருந்தே எங்கள் பக்கத்தில் அந்த ஊர் யாருக்கு, இந்த ஊர் யாருக்கு என்று பேச்சு. கடைசியில் அறுபதாம் வருஷம் ஏப்ரலில் திருத்தணி மதராஸ் பக்கம் போயிற்று. நாங்கள் ஆந்திராப் பக்கமே நின்றோம். பிள்ளைகள் தமிழில் படிக்க வேண்டும் என்று நினைத்த சிலர், திருத்தணியில் சொந்தக்காரர் இருந்தால் குடிபெயர்ந்து போனார்கள். தறி போட்டிருந்த ஏழுமலையும் அப்படிப் போனவர்தான். அவர் மகள் சுந்தரி இவருடைய வகுப்பில் முதலாக வருகிற பெண். போகிற அன்றைக்கு அது எங்கள் வீட்டு வாசலில் நின்று, "அங்க டிக்கெட்டு ஒட்டுவாங்களா அத்தே?" என்று கேட்டது.

அடுத்த வருஷம் ஆடி மாதம், இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று சேதி வந்தது. தமிழ்ப் பிரிவில் முப்பது பிள்ளைகள் இருந்தால்தான் அது நிற்கும். இல்லாவிட்டால் பிரிவை மூடிவிட்டுப் பிள்ளைகளைத் தெலுங்கு வகுப்பில் உட்கார வைப்பார்கள், வாத்தியாரை வேறு ஊருக்கு மாற்றுவார்கள். அப்போது இருந்தது இருபத்தொரு பேர். அவர்களில் பாதிப் பேருக்குத் தெலுங்கு பேச வரும், எழுத வராது.

ஹெட்மாஸ்டர் ரங்கையா தெலுங்குக்காரர். நல்லவர். ஒருநாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கே வந்தார்.

"செங்கல்வராயன்காரு, முப்பை மந்தி காவாலி, முப்பது பேரு. போனவங்கள்ல ஒன்பது பேரோட பேரை ரிஜிஸ்டர்லேர்ந்து நான் இன்னும் அடிக்கலே. அந்த ஒருநாளு வந்து உக்காந்தா சாலு."

"அது பொய்க் கணக்கு சார்."

"எந்த ஸ்கூல்ல இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் காட்டாம இருக்காங்க? நீங்க ஒருத்தரு அரிச்சந்திரன் வேஷம் கட்டினா மிச்சம் இருபத்தொரு பசங்களுக்கு ஏமி கதி?"

 அன்றைக்கு இவர் சாப்பிடவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, திருத்தணிக்குப் பஸ் ஏறினார். ஏழுமலை, "இன்னா சார், நீ கேட்டு இல்லேன்னுவனா? ஒன்பது இன்னா, ஊர்ப் பசங்க அல்லாத்தயும் ஏத்தி அனுப்பறேன்" என்றாராம். திரும்பி வந்து அதைச் சொன்னபோது இவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று, விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஒன்பது பிள்ளைகளும் வந்து இறங்கினார்கள். நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். உப்புமா கிளறி வைத்திருந்தேன். சுந்தரி ஒரு கையால் சாப்பிட்டது. இன்னொரு கையைப் பிரிக்கவே இல்லை.

"கையில இன்னாடி?"

விரித்துக் காட்டியது. நாலாக மடித்த ஊதா நிற டிக்கெட்டு.

"சார் டின்னுல இந்தக் கலர் இல்ல அத்தே. நான்தான் மொதல்ல கொண்டாந்தேன்."

"உங்க நைனா இன்னா சொல்லி அனுப்பினாரு?"

"எந்த ஊர்னு கேட்டா இந்த ஊர்னு சொல்லச் சொன்னாரு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா சாரு பொய் சொல்லக்கூடாதுன்னு சொல்லிகினாரே" என்றது.

அந்த டிக்கெட்டை என்னிடம் கொடு, பிறகு தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அது திருத்தணியிலிருந்து பொத்திக் கொண்டுவந்த கை. அதை எப்படிப் பிரிப்பது? அதற்குள் மணி அடித்தது. ஒன்பது பிள்ளைகளும் வேப்பமரத்தைத் தாண்டி ஓடினார்கள்.

அடுப்படி ஜன்னலில் நின்றுகொண்டேன். வகுப்புக்குள் இன்ஸ்பெக்டர், ஹெட்மாஸ்டர், பின்னால் பியூன் கன்னையா. ஓடிப்போய் ஏதாவது சாக்குச் சொல்லி அந்தப் பெண்ணை வெளியே கூப்பிட்டிருக்கலாம். தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு சுவர்வரைக்கும் போனேன். அத்தனை ஆண்களைப் பார்த்ததும் சொம்போடு ஜன்னலுக்கே திரும்பிவிட்டேன்.

அன்றைக்கு அவர் நடத்தியதுபோல் ஒருநாளும் நடத்தியதில்லை. முப்பது பிள்ளைகளும் திருப்பதி, குப்பம், சத்தியவேடு என்று பதிலிலேயே ஊர் ஊராகப் போய்வந்தார்கள். மாமன் வீட்டுக்குப் போகும்போது மாட்டுவண்டி சேற்றில் மாட்டிக்கொண்டதை ஒரு பையன் இங்கிலீஷில் சொன்னான். இன்ஸ்பெக்டர் தொடையில் தட்டிச் சிரித்தார். பிறகு, "நானும் கேக்கட்டுமா மாஸ்டாரு?" என்று எழுந்தார். முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சுந்தரியைப் பார்த்தார்.

"ஹேவ் யூ எவர் டிராவல்ட் பை பஸ்?"

"எஸ் சார். ஐ ஹேவ் டிராவல்ட் பை பஸ் மெனி டைம்ஸ்."

"குட். வென் டிட் யூ டிராவல் லாஸ்ட்?"

"ஐ டிராவல்ட் திஸ் மார்னிங் சார்."

"திஸ் மார்னிங்? ஃப்ரம் வேர்?"

அது எழுந்து நின்று கையைப் பிரித்து டிக்கெட்டை நீட்டியது. "ஐ கேம் ஃப்ரம் திருத்தணி சார்."

ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. ஒத்திகை பார்த்துப் பார்த்து எனக்கும் அந்த வாக்கியங்கள் மனப்பாடம். அதனால் ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது.

இன்ஸ்பெக்டர் டிக்கெட்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஹெட்மாஸ்டர் தரையைப் பார்த்தார். "எனிபடி எல்ஸ் திஸ் மார்னிங்?" என்று இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கேட்டார். மற்ற எட்டுப் பிள்ளைகளும் கையைத் தூக்கினார்கள். தங்களையும் கேட்கிறாரே என்று அவர்களுக்குச் சந்தோஷம்.

இவர் அப்போது என்ன செய்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேசையிலிருந்த பசையை எடுத்தார். இன்ஸ்பெக்டரிடமிருந்து டிக்கெட்டை வாங்கினார். "வெரி குட் சுந்தரி" என்றார். அட்டையில் அதை ஒட்டிப் பக்கத்தில் அதன் பெயரை எழுதினார். எழுதும்போது சாக்பீஸ் இரண்டு தடவை ஒடிந்தது.

இன்ஸ்பெக்டர் கொடுமைக்காரர் இல்லை. போகும்போது, "பாடம் சால பாகுந்தி மாஸ்டாரு. என் சர்வீஸ்ல இப்படி ஒண்ணு பார்க்கலே" என்றார். பிறகு ரிஜிஸ்டரில் இருபத்தொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தசராவோடு தமிழ்ப் பிரிவை மூடினார்கள். இருபத்தொரு பேரில் பதின்மூன்று பேர் தெலுங்கு வகுப்புக்குப் போனார்கள். மீதிப் பேர் படிப்பை விட்டார்கள். மாட்டுவண்டிக் கதை சொன்ன பையன் பிறகு அதே வண்டியில் கரும்பு ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன்.

இவரை மதனப்பள்ளிக்கு அப்பால் ஒரு கிராமத்துக்கு மாற்றினார்கள். நான் ஊரிலேயே இருந்தேன். அங்கே எல்லாம் தெலுங்குப் பிள்ளைகள். இவருக்குக் கடைத்தெருத் தெலுங்கு வரும். பாடம் சொல்கிற தெலுங்கு வராது. முதல் வாரம் எந்த ஊருக்குப் போனாய் என்று கேட்டாராம். ஒரு பிள்ளை நீளமாக ஏதோ சொல்ல, வகுப்பே சிரித்ததாம். எதற்குச் சிரித்தார்கள் என்று இவருக்கு விளங்கவில்லை. மறுநாளிலிருந்து புத்தகத்தைத் திறந்து கப்பல் பாடத்தையே நடத்தினாராம்.

அவர் புறப்படும் முன் ஏழுமலை சுந்தரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அழுது அழுது அதன் முகம் வீங்கியிருந்தது. "எம்மாந் தபா சொல்லி அனுப்பினேன் சார் இந்தக் கழுதைக்கு!" என்று அவர் கை ஓங்கினார். இவர் நடுவில் போய் நின்றார்.

"அடிக்காத ஏழுமலை. நான் சொல்லிக்குடுத்ததத்தான் அது சொல்லிச்சு. அழாதம்மா, அழுதா மார்க்கு கொறச்சிடுவேன்."

அது சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வரவும் இல்லை.

இரண்டு வருஷம் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தேன். ஒருதரம் அவர் லீவில் வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். "அன்னிக்கிக் காலைல அந்தப் பொண்ணு கையில டிக்கெட்டப் பாத்தேன். வாங்கி வெச்சிருக்கணும். சொவருவரிக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன்."

அவர் சோற்றில் கைவைத்தபடி இருந்தார்.

"நானும் பாத்தேம்மே. உள்ள வரச்சயே காட்டிச்சு. புதுக் கலரு சார்னு சொல்லிச்சு. வாங்கி ஜோபியில போட்டுக்க எம்மா நேரம் ஆவும்? அது மூஞ்சப் பாத்துட்டு எனக்கு மனசு வரல."

 மோர் ஊற்றினேன். சாப்பிட்டு முடித்தார்.

மாதம் ஒருமுறை வருகிறார். வந்ததும் சட்டையைக் கழற்றிப் போடுவார். துவைக்கும்முன் ஜேபியில் கைவிட்டால் மதனப்பள்ளி டிக்கெட் இருக்கும். அதை எடுத்து டின்னில் போட்டு மூடிவிடுகிறேன். ஊதா நிற டிக்கெட்டு அடியில் எங்கேயோ இருக்கிறது. இப்போது மேலே எல்லாம் ஒரே ஊர்ச் சீட்டு. அவர் அந்த அலமாரிப் பக்கம் போவதில்லை.