அவர் லாகினில் நான் அழித்த வரி

படூர் ஆபீஸில் நான் புதிதாகச் சேர்ந்தபோது அவர் என் பக்கத்து சீட். அண்ணாத்த என்றுதான் கூப்பிடுவேன். மீன்பிடிப் படகில் பொருத்தும் கருவிக்கு நாங்கள் மென்பொருள் எழுதினோம். ஃபைல்களின் அளவு குறைய, உள்ளே இருக்கும் பெயர் அட்டவணையை வெட்டியெடுக்கும் டூல் ஒன்றை அண்ணாத்த செய்திருந்தார்.

ஒருநாள் வாடிக்கையாளர் முன்னால் கருவியின் ரேடியோ ஊமையாகிவிட்டது. ரேடியோவை இயக்கும் மாட்யூலை, கருவியின் அடிப்படை மென்பொருளான கெர்னல் ஏற்கவே இல்லை. டூல்தான் காரணமென்று மேனேஜர் அவரை எல்லார் எதிரிலும் கிழி கிழியென்று கிழித்தார். அண்ணாத்த போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அன்று மாலை வீடு திரும்பும்போது, சிங்கப்பெருமாள் கோயில் அருகே லாரி மோதி இறந்துபோனார்.

டூலைச் சரிசெய்யும் வேலை என் தலையில் விழுந்தது. அவர் மெஷினில், அவர் நாற்காலியில். ஒவ்வொரு வரியைப் படிக்கும்போதும் பக்கத்தில் நின்று சொல்லித் தருவதுபோல அவர் குரல் கேட்டது. சத்தியமாகப் பயந்தேன்.

தனியாக ஓடும் புரோகிராமுக்குப் பெயர்கள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மாட்யூல் அப்படியல்ல. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலோடு அது பெயர் சொல்லித்தான் சேரும். அதனால் மாட்யூல் என்றால் வெட்டாதே என்று அண்ணாத்த ஒரு வரி வைத்திருந்தார். யாரோ அதை அழித்திருந்தார்கள். லாகின் அவருடையது. தேதியைப் பார்த்தேன். மச்சினிக்குக் கல்யாணம் கூடிவர வேண்டுமென்று அவர் திருவிடந்தைக் கோயிலுக்குப் போயிருந்த நாள்.

எங்கள் ஆபீஸில் எல்லார் பாஸ்வேர்டும் எல்லாருக்கும் தெரியும். எந்த மெஷின் காலியோ அதில் உட்கார்ந்துவிடுவோம். அன்று அங்கே உட்கார்ந்தவன் நான். அளவு மீறுகிறதே என்று, எதற்கு இந்த வரி என்றுகூடக் கேட்காமல் அழித்த முட்டாளும் நான்தான்.

மேனேஜரிடம் சொன்னேன்.

"வுடுப்பா. செத்தவன் பேர்ல இருந்தா யாருக்கு இன்னா?"

பாவி மனசு ஒரு நொடி நிம்மதிப்பட்டது. அந்த நொடியை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வரியைத் திரும்பச் சேர்த்து, அதை அழித்தது நான் என்று குறிப்பில் என் பெயரை எழுதினேன். பிறகு அவர் மனைவிக்கு போன் செய்து, "அண்ணி, அது நான் செஞ்ச தப்பு" என்று அழுதேன்.

"தெரியும்ப்பா. அன்னிக்கு மத்தியானமே போன்ல சொன்னாரு. ஏன் சொல்லலன்னு கேட்டதுக்கு, புச்சா வந்த புள்ள, வேல பூடும், வுட்டுடுன்னாரு."

அது தெரிந்தேதான், பதினாறாம் நாள் காரியத்தன்று எனக்கு இலை போட்டு, "இன்னும் கொஞ்சம் சாப்பிடுப்பா" என்று பரிமாறியிருக்கிறார்.